தங்கம் அலசத் தண்ணீர்

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி, போர்வெல் போடுகிற வேலையாகப் பல மாநிலங்களில் படுத்து எழுந்திருக்கிறேன். இடது கையின் இரண்டு விரல்கள் ராய்ச்சூர் பக்கம் போயின. நானாக ஆசைப்பட்டுப் பார்க்கப் போன ஊர் ஒன்றும் கிடையாது. வண்டி நிற்கிற இடம்தான் ஊர். போன கோடையில் அந்தத் தங்க ஊருக்குப் போனதும் அப்படித்தான்.

நாமக்கல்லைத் தாண்டி, மலையிலிருந்து இறங்கும் ஓர் ஆற்றின் பள்ளத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்று மணலில் தங்கம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து குவிந்தார்களாம். இப்போது மிச்சம் முள் மூடிய நாலைந்து குழிகள், கூரை இல்லாத ஒரு பங்களா, வீட்டுக்கு ஒரு மரத்தட்டு. அந்தத் தட்டில் மணலை அள்ளித் தண்ணீரில் சுழற்றி அலசினால் தங்கம் அடியில் நிற்கும். ஆறு வறண்ட பிறகு அதில் வற்றல் காயப்போடுகிறார்கள்.

எங்களை வரச் சொன்னது மரவள்ளி போட்டிருந்த ஓர் அக்கா. கிணறு வற்றி, இலை மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தது. பத்து நாளில் தண்ணீர் விடாவிட்டால் அந்த வருடக் கிழங்கு போய்விடும். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு வயலைச் சுற்றினார். வடமூலையில் தேங்காய் எழுந்து நின்றது. வேறு ஊராக இருந்தால் அத்தோடு வேலை ஆரம்பமாகிவிடும். இங்கே வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்:

“ஏனுங்க, தேங்கா எதுக்கு நிக்குது? தண்ணிக்குங்களா, தங்கத்துக்குங்களா?”

நீரோட்டக்காரர் தன் தொழிலில் இந்தக் கேள்வியைச் சந்தித்ததில்லை. மறுபடி நடந்தார். மறுபடி நின்றது. எதற்கென்று தேங்காய் சொல்லவில்லை.

ரிக்கை ஓட்டினோம். முதலில் செம்மண் பொடி, பிறகு வெள்ளை. நூறடி தாண்டியதும் பறந்த பொடி வெயிலில் மினுங்கியது. அது தங்கமில்லை, காக்காப்பொன், இந்தப் பக்கத்துப் பாறையில் சாதாரணமாக வருவது என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அரை மணி நேரத்தில் ஊரே அண்டாவும் இட்லிக் குண்டானுமாக வந்துவிட்டது. ஒருவர் கொசுவலையைக் கொண்டுவந்து காற்றடிக்கும் பக்கம் கட்டினார்.

இருநூற்று நாற்பதடியில் பொடி ஈரமாக வந்தது. நாங்கள் சிரித்துக்கொள்கிற நேரம் அது. ஊருக்கோ கோபம் வந்துவிட்டது. தண்ணீர் பீறிட்டால் தங்கமெல்லாம் சேற்றோடு போய்விடுமாம். பெரியவரும் இன்னும் மூன்று பேரும் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் வரக் கூடாதென்று மறியல் செய்தவர்களை அன்றுதான் பார்த்தேன். ஆபரேட்டர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

அக்கா சண்டைக்குப் போகவில்லை. பெரியவரின் அண்டாவில் கைவிட்டுப் பொடியை அள்ளிப் பார்த்தார்.

“நல்லா மின்னுதுங்க சாமி. இதைய எங்க கொண்டுபோயி அலசுவீங்க? ஆத்துலயுந்தான் தண்ணி இல்லீங்களே.”

பெரியவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, ஓட்டச் சொல்லி ஆபரேட்டருக்குக் கை காட்டினார்.

தண்ணீர் வந்தது. அக்காவிடம் போரில் இறக்க மோட்டார் இல்லை என்பது ஊருக்கு அப்புறம்தான் தெரிந்தது. வறண்ட போரிலிருந்து எடுத்து வீட்டில் போட்டிருந்த மோட்டாரைப் பெரியவரே கொண்டுவந்தார். குழாய் இன்னொருவருடையது. மறுநாள் அதை இறக்கி, பழைய கிணற்றுக் கரண்டில் ஓட்டினார்கள். வற்றலைக் கொட்டிவிட்டு மரத்தட்டுகள் வந்தன. அலசுவதற்கு அக்காதான் இடம் காட்டினார்: மரவள்ளிக்குள், ஆளுக்கு ஒரு பாத்தி.

எங்களுக்கு அடுத்த இடம் தயாராகாததால் மூன்று நாள் அங்கேயே பொங்கித் தின்றோம். தட்டின் அடியில் யாருக்கும் எதுவும் நிற்கவில்லை. மினுங்கியதெல்லாம் தண்ணீரோடு போய்ச் செடியில் ஒட்டியது. மரவள்ளித் தண்டுகள் முழங்கால் உயரத்துக்கு ஜொலித்தன. நானும் ஒரு டப்பாவில் கொஞ்சம் வைத்திருக்கிறேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மூன்றாம் நாள் மத்தியானம் பொடி தீர்ந்தது. பெரியவர் போர்க் குழாயருகே போய்த் தன் மோட்டார் தொங்கிய கயிற்றை, இழுத்து மேலே எடுக்கப் போகிறவர்போலத் தொட்டுப் பார்த்தார். வயலின் கீழ்ப்பாதி இன்னும் நனையவில்லை. நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தோம். அக்கா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்:

“ஏந்தம்பி, வண்டிக்கு அடியில பொடி ஏதாச்சும் ஒட்டிக்கிட்டிருக்குதுங்களா?”

படுத்துச் சுரண்டினேன். மூன்று கூடை தேறியது. பெரியவர் கயிற்றை விட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கீழ்ப்பாத்திக்கு இறங்கினார்.