தொம்மலூர் மொட்டை மாடியில் கிரேக்க சினிமா

பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிரேக்கப் படம் பார்க்கப் போகலாமா? போய் வந்து நாலைந்து நாள் ஆகிறது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு பொம்மனஹள்ளியில் ஆட்டோ ஏறினேன். தொம்மலூருக்கு ஒன்பது கிலோமீட்டர், இருநூற்றுப் பத்து ரூபாய். பிரசவத்துக்குப் பிறகு ஒரு படத்தைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. இதையாவது கடைசிவரை பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. நிலாவைத் தன்னிடம் விட்டுப் போகச் சொன்னார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. ஸ்வெட்டர், குல்லா, டயப்பர், வெந்நீர் எல்லாம் எடுத்துவைத்தும், எதையோ மறந்துவிட்டதாகவே சில்க் போர்டு சந்திப்பு வரை தோன்றிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் கிருஷ்ணகிரிக்காரர். கிரேக்கப் படம் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன்.

“அந்த பாஷை உங்களுக்குப் புரியுமா மேடம்?”

“கீழ இங்கிலீஷ்ல போடுவாங்க.”

“பாப்பா படிச்சிக்குமா?”

ஆறேகால் மணி. மூன்றாம் மாடிக்கு மேலே மொட்டை மாடி, வெள்ளைத் திரை, பிளாஸ்டிக் நாற்காலிகள். ஏதென்ஸில் படித்துத் திரும்பிய கன்னடப் பெண் ஒருவர் இந்தத் திரையிடலை நடத்தினார். கோடையில் ஏதென்ஸில் திறந்தவெளியில்தான் படம் போடுவார்களாம். சுற்றியுள்ள வீட்டு பால்கனிகளிலிருந்து டிக்கெட் இல்லாமல் பார்ப்பவர்களை யாரும் விரட்டுவதில்லையாம். நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீட்டு பால்கனியில் ஓர் அம்மாள் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் துண்டுக் காட்சிகளாகக் கிரேக்க சினிமாவின் வரலாறு ஓடியது. பேசாப் பட காலத்து ஆட்டிடையர் காதல், போருக்குப் பின் ஸ்டுடியோக்கள் எடுத்துத் தள்ளிய பாட்டும் நகைச்சுவையும், ராணுவ ஆட்சியின் தணிக்கைக் கத்தரி, டிவி வந்து காலியான அரங்குகள். பிறகு அவசரமே படாத நீண்ட காட்சிகள். நாடு கடனில் மூழ்கியபோது, நண்பர்கள் வீட்டிலேயே இளைஞர்கள் எடுத்த விசித்திரமான குடும்பக் கதைகள். பாட்டுக் காட்சி வந்ததும் எதிர்வீட்டு அம்மாள் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

ஏழரைக்கு முழுப்படம், அந்த அவசரப்படாத வகை. மூடுபனியில் ஒரு முதியவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். கேமரா அசையவில்லை, சத்தமே இல்லை. அந்த நிசப்தத்தில்தான் நிலா வீறிட்டாள்.

அழுகை மேலே கேட்காதபடி இரண்டு மாடி இறங்கினேன். படிக்கட்டில் உட்கார்ந்து பால் கொடுத்தேன், டயப்பர் மாற்றினேன். இந்தப் படமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே மேலே ஏறினேன். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, உட்காருவதா, வீட்டுக்குப் போவதா என்று தயங்கியபோது எதிர் பால்கனியிலிருந்து குரல் வந்தது.

“உக்காரும்மா, ஒண்ணும் போயிடல. பஸ்ஸு இன்னும் வரல. நடுவுல ஒரு வாட்டி குடைய விரிச்சாரு, அவ்ளோதான்.”

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். திரையில் அதே பனி, அதே முதியவர், தலைக்கு மேல் குடை மட்டும் புதிது. உட்கார்ந்தேன். பஸ் வந்தபோது நிலா கண்ணை விரித்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெயர் ஓடி மறையும்வரை நாங்கள் எழவில்லை.

மறுநாள் காலை அவள் இரண்டு முறை தும்மினாள். பனியாலா, வெறும் தூசியா?

வரும் ஞாயிறு, அந்த விசித்திரக் குடும்பக் கதைகளில் ஒன்றை முழுதாகப் போடுகிறார்கள். கணவர் மறுபடியும் அதையேதான் சொல்கிறார். விட்டுப் போனால் என் கண் திரையில் இருக்குமா, போனில் இருக்குமா? கைக்குழந்தையோடு படம் பார்த்தவர்கள் உங்களில் இருந்தால் சொல்லுங்கள்: அழைத்துப் போகட்டுமா, விட்டுப் போகட்டுமா? அழைத்துப் போகலாம் என்றால், குல்லா ஒன்று போதுமா என்பதையும் சொல்லுங்கள்.