பொட்டு வைத்த பம்பு

பம்பு ரிப்பேர் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் ஏறினால் புண்ணியம் சாமிக்கு, ஏறாவிட்டால் திட்டு நமக்கு. மரக்காணம் உப்பளத்துப் பக்கம் கடை போட்டவனுக்கு உப்பும் ஒரு எதிரி. 2006 தை மாதம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சத்தம் இருக்குது, தண்ணி இல்ல

மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்த பம்பைத் தை மாதம் எடுத்துக் கழுவி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டித்தான் எங்கள் பக்கம் பாத்திக்கு முதல் தண்ணீர் ஏற்றுவார்கள். அளம் குத்தகைக்கு எடுத்திருந்த அஞ்சலையும் அப்படித்தான் செய்தார். இன்ஜின் ஓடியது, பெல்ட் சுற்றியது, ஒரு சொட்டுகூட ஏறவில்லை.

முந்தின வருஷ உப்பு சுனாமிச் சேற்றோடு போயிருந்தது. இப்போது முதல் நாளே சகுனம் சரியில்லை என்று மேஸ்திரி ஏழுமலை, ஆட்களோடு பக்கத்து அளத்துக்குக் கிளம்பப் பார்த்தார். ஆள் போனால் அஞ்சலைக்கு இந்த வருஷமும் உப்பு இல்லை. பம்பைக் கழற்றி மொபெட்டில் வைத்து அஞ்சலையே கொண்டுவந்து என் கடையில் இறக்கினார்.

"சாயந்திரத்துக்குள்ள தண்ணி ஏறணும்ண்ணே. சாமி மேல பழி போடாம வேற ஏதாச்சும் காரணம் சொல்லுங்க."

உப்பு பார்த்த வேலை

மூடியைத் திறந்து ஷாஃப்டைக் கையால் சுற்றினேன். ஷாஃப்ட் சுற்றியது. அதன்மேல் உட்கார்ந்து தண்ணீரைத் தள்ள வேண்டிய ரோட்டர், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமா மாதிரி அசையவே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டைக் 'கீ' என்போம். அது துருப்பிடித்து எப்போதோ கரைந்து போயிருந்தது.

அப்படியானால் இத்தனை நாள் எப்படி ஓடியது? ரோட்டர் துளையின் ஓரத்தில் கொஞ்சம் உப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கீ இருந்த இடத்தில் உப்பு போய் இறுகி, அதுதான் ரோட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தது. உப்பேறிய தண்ணீரில் அது கரையவும் இல்லை. பம்பை எதில் கழுவினீர்கள் என்று கேட்டேன்.

"நல்ல தண்ணியிலதான். ராத்திரி முச்சூடும் ஊற வெச்சித் தேய்ச்சேன். சாமிக்கு வெக்கிறது, சுத்தமா இருக்க வேணாமா?"

எவர்சில்வர் வைத்தியம்

மறுபடி இரும்பு வைத்தால் மறுபடி துரு. பழைய மீன்பிடி போட்டில் கழற்றிய எவர்சில்வர் போல்ட் ஒன்று என்னிடம் கிடந்தது. அதை அறுத்து, அரத்தால் ராவி, வைத்துப் பார்த்து, மறுபடியும் ராவினேன். கை எரிந்தது, விடவில்லை. கடைசியில் லேசாகத் தட்டியதும் சிக்கென்று உட்கார்ந்தது. ஷாஃப்டோடு ரோட்டரும் சுற்றியது. பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அளத்தில் ஏழுமலை சோற்றுத் தூக்கும் கையுமாக, சரியாகக் குழாய் வாய்க்கு எதிரே நின்றிருந்தார். பம்பை மாட்டி இன்ஜினைப் போட்டோம். வந்த வேகத்தில் அவர் லுங்கி முழுக்க நனைந்தது. ஆட்கள் சிரித்தார்கள். அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழுமலை தூக்கைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

"சகுனத்துக்கு என்னப்பா, நல்லாத்தான் இருக்குது. பூஜைக்கு முன்னாடி உன்னக் கூப்புடாததுதான் தப்பு."

அன்றிலிருந்து அந்தப் பக்கம் பம்புக்குப் பொட்டு வைக்கும் முன் என்னைக் கூப்பிட்டு ரோட்டரை ஆட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் தண்ணீர் ஏறியதும் கற்பூரம் என்னவோ இன்னும் பம்புக்குத்தான்.