சௌக்கத் பாயும் என் ஐந்தாவது பேட்டரியும்

டோல்கேட்டில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பஞ்சர் கடையை ஒட்டி ஒரு நீலப் படுதா கட்டியிருக்கும். அதன் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து வயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருப்பவர்தான் சௌக்கத் அலி. துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கு முப்பது வருஷமாக ஹாரனும் லைட்டும் மாட்டுகிறவர். சிரிக்க மாட்டார். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல மாட்டார். எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஆனாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறேன்.

நான் பவானி. திருவொற்றியூர் குப்பத்திலிருந்து மீன் கொண்டுபோய் எம்.கே.பி. நகரில் விற்கிறவள். நான் கூவினால் மூன்றாவது மாடியில் தூங்குகிறவர்கள்கூடச் சட்டியோடு இறங்கி வருவார்கள். வீட்டில் பேசினாலும் அதே தொண்டைதான். 'சத்தத்தைக் கம்மி பண்ணு' என்று என்னிடம் சொல்லாத ஆளே கிடையாது.

போன வருஷம் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பு, "வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, எறா... வந்து வாங்கிக்கமா!" என்று ஆசை தீரக் கூவி, செல்போனில் பதிந்து வைத்தேன். உயிர் பிழைத்தேன். காதருகே வந்தால் மட்டும் கேட்கிற ஒரு கரகரப்புதான் மிச்சம்.

கூடை தூக்கக் கூடாது என்றதால், என் வீட்டுக்காரர் திருமுருகன் ஒரு பழைய எலக்ட்ரிக் பைக் வாங்கினார். சீட்டுக்கு அடியில் ஐந்து பேட்டரி. என் கூவலை ஒலிக்க ஒரு ஸ்பீக்கரையும், மீன் பெட்டிக்கு ஒரு லைட்டையும் அவரே மாட்டினார். அவர் கடலுக்குப் போகிற படகில் லைட் எரிய, வயரைப் பேட்டரியில் கவ்வவிட்டால் போதும். அந்தப் பழக்கத்தில் இதிலும் கைக்கு எட்டிய பேட்டரி ஒன்றில் கவ்வவிட்டார். தெருவெல்லாம் என் பழைய குரல் கூவியது. பழைய வாடிக்கை அத்தனை பேரும் இறங்கி வந்தார்கள். அழுதுவிட்டேன்.

மூன்று வாரம்தான். அப்புறம் பைக் பேஜாரு பண்ணியது. மீட்டரில் பாதிக்கு மேல் சார்ஜ் காட்டும். டோல்கேட் வந்ததும் படுத்துவிடும். மீன் வெயிலில் கெட்டது.

"ஸ்பீக்கருதான் சார்ஜ குடிக்குதுமே, கழட்டிட்றேன்" என்றார் வீட்டுக்காரர். வண்டி இல்லாமல் எம்.கே.பி. நகருக்குப் போக முடியாது. குரல் இல்லாமல் போய் மட்டும் என்ன செய்வது?

மறுநாள் சௌக்கத் பாயின் படுதாவுக்கு நேரெதிரே வண்டி படுத்தது. பாய் எழுந்து வந்தார். சீட்டைத் தூக்கி, ஒவ்வொரு பேட்டரியாக மீட்டர் வைத்துப் பார்த்தார். வாயே திறக்கவில்லை. நான் அவர் காதருகே போய், "இன்னா பாய், வாயில கொழுக்கட்டையா? சொல்லு பாய்!" என்றேன். மூன்று தடவை சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டது.

"நாலு நல்லா கீதுமா. இந்த ஒண்ணுதான் செத்துகினு கீது. யாரு இத்துல வயரு போட்டது?"

"எங்க வூட்டுக்காரரு. மீன் புடிக்கிற போட்டுல அப்டிதான் போடுவாரு."

"போட்டுல பேட்டரி ஒண்ணே ஒண்ணு. இங்க அஞ்சும் ஒண்ணா இழுக்குது. வலை இழுக்குற அஞ்சு பேர்ல ஒருத்தனுக்கு மட்டும் வேற வேலயும் குடுத்தா, அவன் வுழுந்துடுவான். அப்பால வலை எப்டி வரும்?"

"அப்ப ஸ்பீக்கர கழட்டணுமா?" கேட்கும்போதே எனக்குக் கண் கலங்கியது.

"யாரு சொன்னது? அஞ்சு பேர்கிட்டயும் சமமா வாங்கிக்கலாம்."

என்னையும் மீனையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். சோர்ந்த பேட்டரியைத் தனியாகச் சார்ஜில் போட்டுத் தேற்றினார். கையளவு கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டினார். ஐந்து பேட்டரியிலிருந்தும் சேர்த்து வாங்கி, ஸ்பீக்கருக்கும் லைட்டுக்கும் தேவையான பன்னிரண்டு வோல்ட்டாக அது இறக்கிக் கொடுக்குமாம். இடையில் ஒரு ஃப்யூஸும் வைத்தார்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். சாவியைத் திருப்பியதும் என் பழைய குரல் கூவியது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. பாயோ அதை நிறுத்திவிட்டு, ஹேண்டிலில் விரல் நீளத்துக்கு மாட்டியிருந்த ஒன்றைக் காட்டினார்.

"அன்னிக்கி என் காதுல மூணு வாட்டி சொன்ன. வெல கேக்குறவங்க எல்லாம் காத குடுத்துகினு நிப்பாங்களா? ஸ்பீக்கரு பொட்டில மைக்குக்கு ஓட்ட கீது. ஒருத்தரும் பாக்கல. பேசு."

வாயைக் கிட்டே கொண்டுபோனேன்.

"சௌக்கத் பாய்..." என்றேன். கரகரவென்று, என் இப்போதைய குரல், டோல்கேட் முழுக்கக் கேட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ நல்லா இருக்கணும் பாய். உன் கையி நல்லா இருக்கணும்!"

பாய் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சத்தத்த கம்மி பண்ணுமா" என்றார்.

ஒரு வருஷமாக யாருமே என்னிடம் அதைச் சொல்லவில்லை.