எட்டுக்குப் பதில் ஆறு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கரையேற்றிய படகின் என்ஜின் குழிக்குள் குப்புறக் கிடந்து பழைய பேக்கிங்கைப் பிடுங்கியது. புரொப்பல்லர் ஷாஃப்ட் படகைத் துளைத்து வெளியே போகும் இடத்தில், தண்ணீர் உள்ளே ஏறாமல் அதைச் சுற்றித் திணித்திருக்கும் கயிறுதான் பேக்கிங்.

"மெதுவா இழுடி. பல்லா புடுங்குற?"

"வர மாட்டேங்குதும்மா. இதை எப்பதான் மாத்தினீங்க?"

"சொட்டுற வரைக்கும் எதுக்கு மாத்தணும்?"

முகத்துவாரத்தில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் படகு அது. அப்பாவுக்குப் பிறகு அம்மாதான் ஓட்டினாள். ஊரில் அவளுக்குச் சொட்டம்மா என்று பெயர். ஷாஃப்ட் சுற்றும்போது பேக்கிங் வழியாகக் கொஞ்சம் சொட்டத்தான் வேண்டும். இல்லாவிட்டால் சூடேறிக் கருகிவிடும். புதிதாக ஏறியவர்கள் பதறுவார்கள்.

"என்னம்மா, படகு ஒழுகுது?"

"ஒழுகல, மூச்சு விடுது. நீ காலைத் தூக்கி வச்சுக்க."

இந்த வருடம் நிஜமாகவே ஒழுகியது. பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் நட்டை இன்னும் இறுக்க மரை மிச்சமில்லை. வாடிக்கையாக வருகிறவர்கள் அடுத்த படகுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தண்ணீரில் இறக்காவிட்டால் பிள்ளைகளும் போய்விடுவார்கள்.

கடையில் அம்மா ஒவ்வொரு கயிற்றையும் நகத்தால் கிள்ளி, முகர்ந்து பார்ப்பாள். கறுப்பு கிராஃபைட் கயிறு அவளுக்குப் பிடித்திருந்தது; வழுவழுப்பாம். உப்புத் தண்ணீரில் அது ஷாஃப்டை அரித்துவிடும் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. கடைசியில் கிரீஸ் ஊறிய நார்க்கயிறு என்று முடிவானது. அதை வாங்கத் தனியாகப் போனவள், பிடுங்கிய பழைய துண்டைக் காட்டி அதே தடிமனில் வாங்கி வந்தாள்.

"நசுங்கின துண்டை வச்சா அளவு பார்ப்பாங்க? இது ஆறு மில்லிமீட்டர். ஷாஃப்டுக்கும் அதைச் சுத்தியிருக்கிற கூட்டுக்கும் நடுவுல எட்டு இருக்கு. வெர்னியர் வச்சு அளந்து பார்த்தேன்."

"ரெண்டு சுத்து கூடச் சுத்தினா சரியாப் போச்சு."

"எத்தனை சுத்து சுத்தினாலும் சந்து சந்துதாம்மா. குடுங்க, நான் போய் மாத்திட்டு வரேன்."

"நீ போனா கடைக்காரன் மேல எரிஞ்சு விழுவே. என் படகுக்கு நான் வாங்கிக்கிறேன், இன்ஜினியரம்மா."

அத்தோடு பேச்சு நின்றது. மறுநாள் காலை, பையைத் தோளில் போட்டுச் செருப்பை மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

கை கால் துடைக்கும்போது பார்த்தேன். மறந்துவிடக் கூடாதென்று உள்ளங்கையில் பேனாவால் 8 என்று எழுதியிருந்தாள். ஒத்துக்கொண்டுவிட்டாள், என்னிடம் சொல்லாமல். ராத்திரியே சொல்லியிருந்தால் நானே போய் வந்திருப்பேன். இன்றுவரை ஆத்திரம் ஆறவில்லை.

படகை விற்றுவிடு என்கிறார் சித்தப்பா. கயிற்றை மாற்றித் தருவீர்களா என்று கேட்கக் கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரருக்கு விஷயம் தெரியவில்லை.

"அம்மாவையே வரச் சொல்லும்மா. தொட்டுப் பார்க்காம எடுத்துக்க மாட்டாங்க."

வைத்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. படகு கரையில் நிற்கிறது. பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதற்குள் ஆறு மில்லிமீட்டர் கயிறு, பிரிக்காமல், மாற்றாமல்.