மாப்பிள்ளை காரின் புகைக்குழாய்

என் மாப்பிள்ளையிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை "இடிக்குது" என்பதுதான். அதையும் முகம் பார்த்துச் சொல்லவில்லை. அவர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு காலும் ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பரும் மட்டும்.

மகளுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வருஷம். மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் அவர்கள் வீட்டில்தான் நானும் இருக்கிறேன். ஒரே கூரைக்கடியில் இருந்துகொண்டு ஆறு வருஷம் பேசாமல் இருந்தீர்களா, சண்டையா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். சண்டை ஒன்றும் இல்லை. எங்கள் வழக்கம் அப்படி. மாமியார்க்காரி மாப்பிள்ளை முன்னால் உட்கார மாட்டாள், நின்று பேசவும் மாட்டாள். என் அம்மா என் வீட்டுக்காரரிடம் பேச வேண்டியதைக் கடைசிவரை சுவரிடம்தான் சொன்னார். "சோறு ஆறுது" என்பார் சுவரைப் பார்த்து. சுவருக்குப் பசிக்காது என்பதால் என் வீட்டுக்காரர் எழுந்து வருவார்.

எனக்கு அந்த வழக்கம் வசதியாகவும் இருந்தது. பிறவியிலேயே நான் கூச்சக்காரி. ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் மேலாள் மண்டோர் பேர் கூப்பிட்டால் எனக்கே கேட்காத குரலில் பதில் சொல்வேன். நான் எதிரிலேயே நின்றும், ஆள் வரவில்லை என்று இரண்டு தடவை எழுதிவிட்டார். மகள் வீட்டில் என் பேச்செல்லாம் நாலு வயதுப் பேத்தி வழியாகத்தான் போய்வந்தது. "பாப்பா, அப்பாவத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லு." "அப்பா, பாட்டி தேத்தண்ணி குடிக்கச் சொல்றாங்க." மூன்று பேரும் ஒரே சமையலறையில்தான் இருப்போம்.

மாப்பிள்ளைக்குச் சிரம்பானில் ஓர் அலுவலகக் கவுண்டரில் வேலை. நாள் முழுக்க வரிசையில் நிற்பவர்களிடம் பேச்சு வாங்கிவிட்டு, வாயடைத்துப்போய் வீட்டுக்கு வருவார். சனி ஞாயிறு வந்தால் வேறு ஆள். வாசலை ஒட்டிய போர்ச்சில் அவருடைய கார் நிற்கும். இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரையை மடக்கிவிடுகிற பழைய இங்கிலீஷ் கார். ஒரு செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்தது, கோழிகள் அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, மூன்று வருஷமாக ஒவ்வொன்றாகக் கழற்றி, தேய்த்து, பூட்டி, சிவப்புச் சாயமும் அடித்துவிட்டார். அதன் பக்கத்தில் இருக்கும்போது மெதுவாகப் பாடுவார். அன்றைக்கு இரண்டாம் தடவையும் சோறு கேட்பார். ஜன்னல் வழியாக அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்வது எனக்கும் பழகிப்போயிருந்தது.

பிறகு இஞ்சின் ஓட ஆரம்பித்தது. அதோடு வம்பும் வந்தது. புகை வெளியே போகிற குழாய், எக்ஸோஸ் என்பார்கள், அடியில் துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாக இருந்தது. சாவியைத் திருப்பினால் தெருவே அதிரும். பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் மூன்று மாதப் பேரப்பிள்ளை. ஒவ்வொரு தடவையும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்துவிடுவார். "பிசிங் லா, அண்டி! பேபி பாங்கூன்!" என்பார். சத்தம் தாங்கவில்லை, பிள்ளை எழுந்துவிட்டது என்று. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை வீறிடுவதைக் கேட்டால் எனக்கே ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

மகள் ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "இங்க பாருங்க, அவங்க மூஞ்சில முழிக்க முடியல. அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம். அதுக்குள்ள சத்தம் அடங்கணும். இல்லன்னா அந்தப் பகாவ்காரர்ட்ட குடுத்துடுங்க லா. அவரும் எத்தன தடவதான் கேப்பாரு?"

பகாவில் பழைய கார்களை வாங்கிச் சேர்க்கிற ஒருவர் அந்தக் காரின் மேல் கண்ணாக இருந்தார். மாப்பிள்ளை கொஞ்சநேரம் தரையைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். பெண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் இல்லை அவர். அதனால்தான் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

முன்னாடியே சொல்லி வைத்திருந்த புதுக் குழாய் வெளிநாட்டிலிருந்து நீளப் பெட்டியில் வந்தது. அந்தச் சனிக்கிழமை மகளுக்குப் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. ரந்தாவ் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை அவள். பேத்தியையும் கூட்டிக்கொண்டு விடிந்ததும் போய்விட்டாள். உதவிக்கு வருவதாக இருந்த மாப்பிள்ளையின் கூட்டாளிக்குக் காய்ச்சல். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மாப்பிள்ளை சமையலறை வாசலில் வந்து நின்றார். "அத்த, ஒரு கை பிடிக்க முடியுமா? கனமில்ல. நான் அடியில பூட்டுற வரைக்கும் பின்னால கொஞ்சம் தூக்கிக் குடுத்தா போதும்."

பதில் சொல்ல பேத்தி இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தேங்காய் துருவுகிற மணையை எடுத்துப்போய்க் காரின் பின்பக்கம் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்ததும் அன்றுதான் முதல் தடவை. அவர் காருக்கு அடியில் போய்விட்டதால் அவ்வளவு கூச்சமாக இல்லை.

அந்தக் குழாய் இஞ்சினிலிருந்து புறப்பட்டு, நடுவில் சத்தத்தை அடக்குகிற ஓர் உருளைக்குள் நுழைந்து, பின் சக்கரங்களின் அச்சுக்கு மேலே வளைந்து ஏறி, வால் மாதிரி வெளியே வரும். அங்கங்கே ரப்பர் வளையங்களில் தொங்கும். முப்பது வருஷம் மரத்தில் பால் வெட்டியிருக்கிறேன், அந்தப் பால் கடைசியில் என்னவாகிறது என்று அன்றுதான் கையில் பிடித்துப் பார்த்தேன். வளையங்கள் கொக்கியில் ஏறவே இல்லை. மாப்பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் கொண்டுவந்து அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். வளைகாப்பில் இறுக்கமான வளையலை அப்படித்தானே போடுவோம்? வளையம் வழுக்கிக்கொண்டு ஏறியது. "அட!" என்றது அடியிலிருந்து குரல்.

நான் வாலைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அவர் கேட்டார்: "அத்த, மேல எங்கயும் இடிக்குதா?"

இடித்தது. வளைவின் மேல்பக்கம் காரின் வயிற்றில் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் ஸ்பானரைப் போட்டு முறுக்க ஆரம்பித்துவிட்டார். சரி, படித்தவர், இடித்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பினார். பழைய வெடிச் சத்தம் போய்விட்டது. அதற்குப் பதிலாக, தகர டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். முன்பக்கம் எங்கேயோ புஸ்புஸ்ஸென்று சீறலும் கேட்டது. பக்கத்து வீட்டில் பிள்ளை வீறிட்டது. மாப்பிள்ளை உடனே நிறுத்திவிட்டார். சீன அம்மா கேட்டுக்கு வந்து, இந்தத் தடவை ஒன்றும் பேசாமல், எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

நான் உள்ளே வந்து குழம்பைக் கிளறினேன். மாப்பிள்ளை வாசலில் நின்று மகளிடம் போனில் பேசுவது கேட்டது.

"வேலைக்கு ஆகல லா. எங்க தப்புன்னே தெரியல. அத்ததான் பிடிச்சிருந்தாங்க. இடிக்குதான்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லல. சரியாத்தான் இருக்குன்னு பூட்டிட்டேன்... பரவால்ல. சொன்னது சொன்னதுதான். பகாவ்காரர நாளைக்கு வரச் சொல்லிடுறேன்."

கரண்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. காருக்கு அடியில் படுத்திருக்கிற மனுஷனுக்கு நான் தலையாட்டியது எப்படித் தெரியும்? மூன்று வருஷம் பாடுபட்ட கார் நாளைக்குப் போகப்போகிறது. அதற்குக் காரணம் என் தலை.

மத்தியானம் அவர் ஒரே ஒரு தடவை சோறு போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு எழுந்தார். ஒரு தாளில் எழுதி வைத்துவிடலாமா என்று பார்த்தேன். ஆறாம் வகுப்புவரை படித்தவள்தான், இரண்டு வரி எழுத வரும். ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாமியார் மாப்பிள்ளைக்குக் கடிதாசி போட்டாள் என்றால் ஊர் சிரிக்காதா?

அவர் மறுபடியும் காருக்கு அடியில் போய்ப் படுத்திருந்தார். ஸ்பானர் சத்தம் இல்லை, பாட்டும் இல்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கூப்பிடாமலே போய் மணையில் உட்கார்ந்தேன். வாலைப் பிடித்து அசைத்தேன். டொக், டொக் என்றது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். மூன்றாவது தடவைதான் வந்தது.

"இடிக்குது."

சிலிப்பர் இரண்டும் அசையாமல் நின்றன. "யாரு? அத்தயா?"

"ஆமா. மேல இடிக்குது. காலையிலயே இடிச்சுச்சு."

"அப்ப காலையில ஏன் அத்த சொல்லல?"

"சொன்னேனே. தலையாட்டுனேன்."

காருக்கு அடியில் சிரிப்பு தொடங்கியது. வயிறு குலுங்கி எங்கேயோ முட்டி, "ஆவ்!" என்று கத்தி, அதற்கும் சேர்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"சரி, இப்ப வாயாலயே சொல்லுங்க. எல்லாத்தையும் லூஸ் பண்றேன். எவ்ளோ கீழ எறக்கணும்?"

"ஒரு வெரக்கட."

"வெரக்கடன்னா எத்தன மில்லி?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வெரலு மாப்ள."

"யாரு வெரலு? உங்க வெரலா, என் வெரலா?"

"என் வெரலுதான். உங்க வெரலு ரொம்ப மொத்தம், வேணாம்."

குழாய்க்கும் காரின் வயிற்றுக்கும் நடுவில் என் சுண்டுவிரலை நுழைத்தேன். அவர் முறுக்கும்போதெல்லாம், "இருக்குது... இருக்குது... இந்தப் பக்கம் சாயுது... ஐயோ நசுக்காதீங்க... ஆங், இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆறு வருஷத்துப் பேச்சை அந்த ஒரு மணி நேரத்தில் பேசியிருப்பேன். எல்லாம் ஒரு குழாயைப் பற்றித்தான்.

முன்பக்கச் சீறல் மிச்சமிருந்தது. மாப்பிள்ளை எழுந்து வந்து, "அத்த, ஒரு ஊதுவத்தி கொளுத்திக் கொண்டாங்களேன்" என்றார். புது வேலை முடிகிறது, காருக்குப் பூசை போடப்போகிறார் என்று எண்ணி, ஊதுவத்தியோடு தட்டில் கற்பூரம், குங்குமம், சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். தட்டைப் பார்த்துவிட்டு அவர் ஊதுவத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார். இஞ்சினை ஓடவிட்டு, ஊதுவத்தியைக் குழாய் மூட்டின் பக்கத்தில் பிடித்தார். நேராக ஏறிய புகை ஓர் இடத்தில் வெடுக்கென்று விலகி ஓடியது.

"பாருங்க, இங்கதான் காத்து போவுது. அதுக்குத்தான் கேட்டேன்."

நான் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தேன். நாலு பழமும் உருண்டு போர்ச்செல்லாம் ஓடின. இஞ்சினை நிறுத்திவிட்டு அவர் அவற்றைப் பொறுக்கி வந்து, "இருக்கட்டும் அத்த. நாளைக்கு கார் போறதுன்னாலும் நல்லபடியா போவட்டும்" என்று சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். பிறகு இரும்பு ஆறும்வரை காத்திருந்து மூட்டை முறுக்கினார்.

பகாவ்காரரை வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வரச் சொன்ன ஆளை எப்படித் தடுப்பது என்று விட்டுவிட்டார். சத்தம் அடங்கிவிட்டதா என்பதை மகள்தான் சொல்ல வேண்டும் என்றும் இருந்திருப்பார். அன்று சாயங்காலம் அவள் வந்தபோது பேத்திக்கு வெயிலில் காய்ந்து தலைவலி. காரைக் கிளப்பிக் காட்ட நேரம் அமையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பகாவ்காரர் பெரிய பிக்கப்பில் வந்தார். பெரிய மீசை, பெரிய குரல். "எங்க தம்பி, ஊரையே எழுப்புற காரு?"

மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். தாழ்ந்த குரலில், தொண்டைக்குள்ளேயே பேசுகிற மாதிரி இஞ்சின் ஓடியது. பகாவ்காரர் குனிந்து பார்த்தார், காதைக் கொடுத்தார், காரைச் சுற்றி வந்தார். அதற்குள் சீன அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டார். மகளின் முகம் சுருங்கியது. பிள்ளை விழித்துத்தான் இருந்தது. சிவப்புக் காரைப் பார்த்துக்கொண்டு விரலைச் சூப்பியது.

"சுடா பாய்க் கா?" என்றார் அந்த அம்மா. சரியாகிவிட்டதா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்கிறார்!

பகாவ்காரருக்கு ஆசை அதிகமாகிவிட்டது. "ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. இப்பவே கட்டி இழுத்துட்டுப் போயிடுறேன்."

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். மகள் காரைப் பார்த்தாள். முடிவு சொன்னவள் அவள். அதைத் தானே மாற்றிக்கொள்ள அவளுக்கு ரோஷம். வாக்குக் கொடுத்தவர் அவர். அதை அவளிடம் திருப்பிக் கேட்க அவருக்குக் கூச்சம். இரண்டு பேரும் இப்படியே நின்றால் கார் பகாவுக்குப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"விக்கல" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். அந்த ஆள் காது கேட்காதவர்போலக் குனிந்தார். "என்னம்மா?"

"சத்தம் அடங்கிருச்சு. விக்கல. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"அம்மா!" என்றாள் மகள். அதிர்ச்சிதான், கோபம் இல்லை. கொஞ்சம் கழித்துக் கணவர் பக்கம் திரும்பி, "ஒம்பது மணிக்கு முன்ன ஸ்டார்ட் பண்ணக்கூடாது, ஆமா" என்றாள்.

பகாவ்காரர் நல்ல மனுஷன். இரண்டு தேத்தண்ணி குடித்து, ஐந்து வடை தின்று, "மனசு மாறுனா எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அவருடைய பிக்கப் கோஸ்தான் எடுத்துப் பின்னால் நகர்ந்தபோது அது போட்ட பீப் பீப் சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வீறிட்டு அழுதது.

மாப்பிள்ளை கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என்னமோ சொல்ல வந்தார். நான் உள்ளே போய்விட்டேன். ஒரு மனுஷி இரண்டு நாளில் எவ்வளவுதான் பேசுவாள்.