பலாப்பாலில் ஒட்டிய இரண்டு நரம்புக் கலங்கள்

இலங்கையின் மலைநாட்டில், ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வடக்கில் போர் கடுமையாக நடந்த காலம் அது. மாத்தளை நகருக்குப் போகும் பஸ்ஸைப் படையினர் வழியில் நிறுத்தி, எல்லோரையும் இறக்கிச் சோதிப்பார்கள்.

கண்டியில் நடந்த ஓர் ஆசிரியர் பயிற்சியில் கல ஒட்டு மூலக்கூறுகளை, அதாவது செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பவற்றைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். மூளையில் ஒரு நரம்புக் கலம் இன்னொன்றைத் தேடிப் பிடிப்பதும், பிடித்ததை விடாமல் வைத்திருப்பதும் இவற்றின் உதவியால்தான். பதின்ம வயதில் மூளை தன் இணைப்புகளில் சிலவற்றை இறுக்கிக்கொள்ளும், பலவற்றைக் கைவிடும். அந்த வயதுப் பிள்ளைகளின் போக்குக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றார்கள். என் பத்தாம் வகுப்பை நினைத்துக்கொண்டேன்.

அந்த வகுப்பில் இரண்டு மாணவிகள். தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், சின்ன வயதிலிருந்தே தோழிகள். அந்தப் பாடசாலைத் தவணை முழுவதும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. காரணம் கேட்டேன்.

"அவ மூஞ்சியே புடிக்கல டீச்சர்" என்றாள் ஒருத்தி.

"எனக்கும் அதேதான்" என்றாள் மற்றவள். அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை இருந்தது.

மாத்தளையில் நடக்கவிருந்த விஞ்ஞானக் கண்காட்சிக்கு அவர்களையே பக்கத்துப் பக்கத்து நரம்புக் கலங்களாக்கினேன். சாக்கில் தைத்துப் பஞ்சு ஒட்டிய உடை. அவர்களுடைய நீண்ட பின்னல்கள்தான் கலங்களின் கிளைகள். பின்னல் நுனிகளைச் செலோடேப்பால் இணைப்பது என் ஏற்பாடு. கண்காட்சிக்குப் புறப்பட்ட நாள் காலைப் பனியில் டேப் நிற்கவேயில்லை. எரிச்சலடைந்த ஒருத்தி வீட்டுக்கு ஓடி, கறிக்கு வெட்டிய பலாக்காயின் பாலைச் சிரட்டையில் கொண்டுவந்து பூசிவிட்டாள்.

"இது விடாது டீச்சர்" என்றாள். உண்மைதான், விடவில்லை.

பஸ்ஸில் அவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

"இழுக்காத."

"நீதான் இழுக்கிற."

சோதனைச் சாவடியில் பெண் பொலிஸ் ஒருவர் பெண்களைத் திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இவர்கள் இருவரும் சேர்ந்தே போனார்கள். ஒருத்தியை மட்டும் வரச் சொன்னார். மற்றவளும் போனாள். பிறகு இருவரும் கோணலாக வெளியே வந்தார்கள்.

"இவங்க யாரு?" என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார்.

கலத்துக்குச் சிங்களச் சொல் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. "மூளை செல்" என்றேன்.

பக்கத்தில் நின்ற சிப்பாயின் காதில் பீரங்கி ஷெல் என்றுதான் விழுந்தது. இரண்டடி பின்வாங்கினார். "ஷெல் எங்க இருக்கு?"

"எல்லார் தலையிலயும் இருக்கு."

"எத்தனை?"

"எண்ண முடியாது."

பஸ்ஸில் வந்தவர்கள் என்னைவிட்டு மெதுவாக விலகி நின்றார்கள். நல்லவேளை, மிளகு மூட்டையோடு வந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் முன்னால் வந்து, "சைல, சைல" என்று சரியான சொல்லை எடுத்துக் கொடுத்தார். பிறகு என்னிடம், "டீச்சர், இனி வாயத் தொறக்காதீங்க" என்றார்.

ஆனால் பெண் பொலிஸ் விடவில்லை. ஏன் ஒட்டினோம் என்று கேட்டார். சொன்னேன். துப்பாக்கியைத் தோளில் சரிசெய்தபடி கவனமாகக் கேட்டார்.

"என் மகளுக்கும் பதினஞ்சு வயசு. என்னோட பேசுறதே இல்ல. அதுவும் இதனாலதானா?"

"இருக்கலாம்."

"எப்ப சரியாகும்?"

"மூளை முழுசா வளர இருபது வயசும் தாண்டும்."

"அதுவரைக்கும் நான் சமைச்சுப் போடணுமா?" என்றார்.

காவலரணின் சமையல் மூலையிலிருந்து தேங்காயெண்ணெய் போத்தலை அவரே எடுத்துவந்தார். பயணிகள் ஆளுக்கொரு யோசனை சொல்ல, பின்னல்களைத் தேய்த்துப் பிரித்தோம். பிரியாத நுனியைக் கத்தரித்தோம். ஒரு தலையில் இழப்பு அதிகம். அவள் அழுதாள், மற்றவள் தன் ரிப்பனைக் கழற்றிக் கொடுத்தாள்.

கண்காட்சியில், எண்ணெய் வழிய நின்றவர்களிடம் இது எதைக் காட்டுகிறது என்று நடுவர் கேட்டார்.

"ஒட்டியிருந்தோம் சார். இப்ப விட்டுட்டோம்."

பதின்ம மூளையில் நடப்பதைத் துல்லியமாகக் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லி மூன்றாம் இடம் கொடுத்தார்.

திரும்பும்போது இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து குசுகுசுத்துக்கொண்டே வந்தார்கள். பேச்சு என்னைப் பற்றித்தான். பாடசாலையை விட்டுப் போகும்வரை என்னோடு மட்டும் அவர்கள் சரியாகப் பேசவேயில்லை.