அக்கா மடித்த குருத்தோலை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலரும் அக்காவை எங்கேயாவது பார்த்துப் பேசியிருப்பீர்கள். பாலக்கரையில் எங்கள் தெருவில், மாதா கோயிலில் பெண்கள் பக்கத்தில், அல்லது ஸ்ரீரங்கத்தில் அந்த மருந்துக் கடையின் கண்ணாடி மேசைக்குப் பின்னால். அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத வேண்டியவர் அம்மாதான். ஆனால் பேச்சை எடுத்தாலே அழுதுவிடுகிறார். அதனால் தம்பி நான் எழுதுகிறேன். அட்டையில் 'தியாகச் சுடர்' என்று போடலாம் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அப்படி ஒரு பட்டத்தைப் பார்த்தால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்.

அக்கா பிறந்தது பாலக்கரையில். கடைசியில் கண் மூடியதும் அதே வீட்டில்தான். அப்பா லாரிப் பட்டறையில் வெல்டராக இருந்தார். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு எழுதி முடித்த கோடையில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. அக்காவுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்கு வெளியூரில் ஹாஸ்டலில் தங்க வேண்டும் என்றார்கள். அம்மாவையும் என்னையும் விட்டுப் போக மனம் வராமல், வீட்டிலிருந்தே போய்வரும்படி ஃபார்மசி டிப்ளமாவில் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் ஸ்ரீரங்கத்து மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. அன்று முதல் ஒன்றாம் நம்பர் பஸ்தான் அவருடைய வாழ்க்கை. என் சட்டை, என் செருப்பு, என் கல்லூரிப் படிப்பு எல்லாம் அந்தப் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வந்தவை. கல்யாணப் பேச்சுகள் வந்து வந்து நின்றுபோயின. ஒரு கட்டத்தில் அக்காவே போதும் என்றுவிட்டார். அம்மாவுக்கு அந்தக் குறை இன்றும் ஆறவில்லை.

அக்கா பிரசங்கம் செய்கிறவர் அல்ல. யாரையும் கோயிலுக்கு வாருங்கள் என்று அழைத்ததில்லை. ஒழுங்காகப் பூசைக்குப் போகாத என்னைக்கூடக் கண்டித்ததில்லை. ஆனால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தால் மட்டும் அவருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிடும். விடியற்காலைப் பூசையில் நெற்றியில் சாம்பலால் சிலுவை வாங்கிக்கொண்டு, அதைத் துடைக்காமல் அப்படியே பஸ் ஏறுவார். நானெல்லாம் மாலைப் பூசைக்குப் போகிறவன். சாம்பலோடு நேராக வீட்டுக்கு வந்துவிடலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

நாமம் போட்டவர்கள் நடமாடும் ஊரில் ஒரு பெண் நெற்றியில் சாம்பலோடு மருந்து கொடுத்தால் கேட்காமல் இருப்பார்களா? நான் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு சாம்பல் புதனன்று, வடக்கு உத்திர வீதி மாமி ஒருவர் கணவருக்கு மாதாமாதம் வாங்கும் சர்க்கரை நோய் மாத்திரைக்காகக் கடைக்கு வந்தார். அக்காவின் நெற்றியில் இருப்பது சிவன் கோயில் விபூதி என்று நினைத்து, "ஏன்டிம்மா, திருவானைக்காவல் போயிட்டு வரியா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல மாமி. எங்க கோயில்" என்றார் அக்கா.

மாமி சிரித்துக்கொண்டே மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மதியத்துக்கு மேல் அட்டைகளை அடுக்கும்போதுதான் அக்காவுக்குத் தெரிந்தது, மாமிக்குக் கொடுத்தது இரண்டு மடங்கு வீரியமுள்ள மாத்திரை என்று. ஒரே கம்பெனி, ஒரே நிற அட்டை. உடனே முதலாளியிடம் சொன்னார். அவர் பயந்துபோனார். "இப்பப் போய்ச் சொல்லி நாமே வம்பை விலைக்கு வாங்கணுமா? கேட்டாங்கன்னா டாக்டர் எழுத்து புரியலன்னு சொல்லிக்கலாம். நீங்க உக்காருங்க" என்றார்.

அக்கா உட்காரவில்லை. வெயிலில் ஓட்டமும் நடையுமாக உத்திர வீதிக்குப் போனார். அங்கே மாமா சாய்வு நாற்காலியில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு கிடந்தார். சாப்பிட்ட களைப்பு, தூங்கட்டும் என்று மாமி விட்டிருக்கிறார். அக்கா வாசலில் நின்றே, "மாமி, சீக்கிரம் சர்க்கரையைத் தண்ணில கரைச்சுக் குடுங்க. நான் மாத்திரைய மாத்திக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது" என்று கத்தியிருக்கிறார். சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போய், மாமா கண் திறந்து பேசினார். அதற்குப் பிறகு மாமி திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டதாம். மறுநாள் கடையிலும் வந்து சத்தம் போட்டார். அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான். நான் எகிறினேன். "அவங்களா கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. வயசானவருக்கு மயக்கம்னு போயிருக்கும். நீயா போய் ஏன்க்கா மாட்டிக்கிட்ட?"

"நெத்தியில சாம்பல வச்சுக்கிட்டு எப்படிடா பொய் சொல்றது?"

"அப்ப அதத் துடைச்சுட்டுப் போக வேண்டியதுதானே? நேத்து நற்செய்தியில என்ன வாசிச்சாங்க? நோன்பு இருக்கறது ஊருக்குத் தெரியக் கூடாது, முகத்தைக் கழுவிக்கோன்னுதானே வாசிச்சாங்க?"

"அது பெருமைக்கு நோன்பு இருக்கறவங்களுக்குச் சொன்னதுடா. இதுல பெருமைப்பட என்ன இருக்கு? நான் பாவி, நானும் ஒருநாள் செத்துருவேன், அவ்வளவுதானே நெத்தியில போட்டிருக்கு. மாமா செத்துப் போயிருந்தா நான் எந்த முகத்தைடா கழுவறது?"

எனக்குக் கோபம் தீரவில்லை. அக்கா செய்தது சரி என்று அன்று நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை. "காலையிலேர்ந்து ஒருசந்தின்னு பட்டினி கிடந்து, தலை சுத்தித்தானே மாத்திரைய மாத்திக் குடுத்த?" என்று கேட்டேன். அடுத்த ஆண்டிலிருந்து ஒருசந்தி நாளில் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். அம்மா முகம் சுளித்ததற்கு, "ஆண்டவர் மன்னிச்சிருவாரும்மா. மாமாவோட சுகர் மன்னிக்காது" என்றார்.

அடுத்த மாதம் மாத்திரை வாங்க வந்த மாமி கடையில் அக்காவைக் காணாமல் விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் முதலாளியைப் பிடித்துக்கொண்டார். "தப்புப் பண்ணிட்டேன்னு தானா வந்து சொன்ன பொண்ணை அனுப்பிட்டேள். சொல்லாதவாளை வெச்சுண்டு கடை நடத்தறேள். நாங்க எந்த நம்பிக்கையில இங்க மாத்திரை வாங்கறது?" என்று கேட்டாராம். அக்கா இதை மாமியின் குரலிலேயே எங்களுக்கு நடித்துக் காட்டுவார். முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்து அக்காவை அழைத்துப் போனார். அதன் பிறகு கடைசிவரை அந்தக் கடைதான்.

ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்தவர் தன் வயிற்றுவலிக்குத் தானே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறார். எத்தனை மாதம் அப்படி ஓட்டினார் என்று எங்களுக்குத் தெரியாது. சோறு இறங்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். புற்றுநோய் வயிறு முழுவதும் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

'புன்னகையோடு இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதச் சொன்னார்கள். அப்படி எழுத எனக்கு மனமில்லை. பொய் எழுதினால் அக்காவுக்கே பிடிக்காது. அக்கா மிகவும் வேதனைப்பட்டார். கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல் அம்மா அசந்து தூங்கியபோது என்னைக் கிட்டே கூப்பிட்டார். குரல் எழும்பவில்லை. குனிந்து கேட்டேன்.

"செத்துருவேன் செத்துருவேன்னு வருஷா வருஷம் நெத்தியில போட்டுக்கிட்டுப் போனவதானே நான்? இப்பப் பயமா இருக்குடா."

செபம் சொல்லத் தெரிந்தவர்களாவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் சில்லென்று இருந்தது. கொஞ்சம் கழித்து, "விடாத, பிடிச்சுக்கிட்டே இரு" என்றார். மறுநாள் பங்குச் சாமியார் நற்கருணை அப்பம் கொண்டுவந்தார். ஒரு துணுக்கை ஒரு வாய்த் தண்ணீரோடு சிரமப்பட்டு விழுங்கினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில், தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா எங்களை விட்டுப் போனார். எங்கள் வீட்டு நட்சத்திரத்தை நான் வெளியே எடுக்கவே இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுக்கும் ஓலையை அக்கா சின்னச் சிலுவையாக மடிப்பார். வீட்டில் இயேசுவின் பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால் அது ஓராண்டு செருகியிருக்கும். அடுத்த தவக்காலத்துக்கு முன் அதைக் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிடுவார். பழைய ஓலைகளை எரித்துத்தான் சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுப்பார்கள். கடைசியாக மடித்த ஓலையை அம்மா அக்காவின் கையில் செபமாலையோடு வைத்துப் பெட்டியை மூடச் சொல்லிவிட்டார். அக்கா கையால் செய்த பொருள் என்று எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த ஆண்டு சாம்பல் புதனுக்கு முந்தைய வாரம் ஒரு காலை, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அந்த உத்திர வீதி மாமி இறங்கினார். தள்ளாத வயது. அக்கா இறந்த அன்றும் வந்து, வாசலில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவர். இத்தனை வருடப் பழக்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு. அக்காவுக்குக் கிடையாது.

மாமி உள்ளே வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தார். மாத்திரை அட்டைகளுக்கு நடுவே பழுத்துக் காய்ந்த ஓலைச் சிலுவை ஒன்று இருந்தது.

"வேலை திரும்பக் கிடைச்ச வருஷம் கொண்டு வந்து குடுத்தா. எங்காத்துல பலகாரம் வாங்கிக்க மாட்டோம்னு அவளுக்குத் தெரியுமோன்னோ, அதான் ஓலையைக் கொண்டு வந்தா. பெருமாளண்ட வெக்கப்படாது. மாமாவோட மாத்திரை டப்பாவிலேயே போட்டு வெச்சேன். வருஷா வருஷம் பழசை வாங்கிண்டு புதுசு குடுப்பா. இந்த வருஷம் இதை யார்கிட்ட குடுக்கணும்னு எனக்குத் தெரியலை. அதான் வந்தேன்."

இது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அக்கா எங்களிடம் சொன்னதே இல்லை. அம்மா அதைக் கையில் வாங்கி முத்தமிட்டார். இதை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். எங்கள் அக்கா விரலால் மடித்த மடிப்பு அதில் அப்படியே இருந்தது. அதை நெருப்பில் போட எப்படி மனம் வரும்?

மாமி தலையை ஆட்டினார். "வெச்சுக்கப்படாதுப்பா. நானும் ஒரு வருஷம் இருக்கட்டும்னு கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் வெச்சுண்டா சாம்பலுக்கு எங்க போறது மாமின்னு சிரிச்சா" என்றவர், முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். மாமி தம்ளரைக் கையில் வாங்கி, வெகுநேரம் வைத்திருந்து, அப்படியே கீழே வைத்தார். அன்றும் குடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஓலையைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடையில் போட்டுவிட்டு மறுபடி எடுத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போட்டேன். பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

அக்காவின் நோயில் கூடவே நின்ற மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், நேரம் பார்க்காமல் வந்த பங்குச் சாமியாருக்கும், முறை வைத்துச் செபமாலை சொன்ன எங்கள் பகுதிச் செபக் குழுவான அன்பியத்தாருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் கஞ்சியும் குழம்பும் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. கடை முதலாளி அடக்கத்தன்று கடையைச் சாத்திவிட்டு வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார். பழைய கதையை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க, உள்ளதுதானே" என்றார். அவருக்கும் நன்றி. மாமிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சாம்பல் புதனன்று நான் விடியற்காலைப் பூசைக்குப் போனேன். சாமியார் அந்த ஓலைகளின் சாம்பலால் என் நெற்றியில் சிலுவை போட்டார். கோயிலை விட்டு வெளியே வந்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். ஓலையைக் கொடுத்துவிட்டேன் என்று மாமியிடம் சொல்ல வேண்டும். உத்திர வீதி வீட்டு வாசலில் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்கு ஞாபகம் சரியாக இல்லை, என்னையும் அடையாளம் தெரியவில்லை. என் நெற்றியை மட்டும் உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா, திருவானைக்காவல் போயிட்டு வரியா?"

"இல்ல மாமா" என்றேன். "எங்க அக்கா."